இம்ப்ளான்டும் ஈறு வீக்கமும்: ஈறு மருத்துவர் பதில்கள்

கே: இம்ப்ளான்ட் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகும் டைட்டானிய வேர்) வைத்து இரண்டு வருடம். பிரஷ் பட்டாலே ரத்தம் வருகிறது. டைட்டானியம் ஒத்துக்கொள்ளவில்லையா?

ப: டைட்டானியம் ஒவ்வாமை மிக அபூர்வம். காற்றுப் பட்டதுமே அந்த உலோகம் சில நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடைப் போர்த்திக்கொள்ளும். 1965இல் ஸ்வீடனில் இம்ப்ளான்டின் முன்னோடி பிரோனெமார்க் தன் முதல் நோயாளிக்கு வைத்ததும் அதே உலோகம்தான்.

தொல்லை ஈறின் பிடிப்பில். சொந்தப் பல்லில் ஈறு நார்கள் வேருக்குள் புதைந்து நிற்கும். இம்ப்ளான்டில் அவை பக்கவாட்டில் ஓடும், அவ்வளவுதான். கிருமி சுலபமாகக் கீழே இறங்கிவிடும். வீக்கத்தோடு நின்றால் சரிசெய்யலாம். எலும்பு கரைந்திருந்தால் தானாகத் திரும்பி வளராது. சீக்கிரம் எக்ஸ்ரே எடுங்கள்.

இம்ப்ளான்ட் மேல் வரும் பல் உறையை (கேப்) சிமெண்ட் வைத்து ஒட்டினார்களா, ஸ்க்ரூ போட்டார்களா என்றும் கேளுங்கள். ஈறுக்கடியில் நொய்யரிசி அளவு சிமெண்ட் தங்கினாலும் ஈறு ஆறாது. எத்தனையோ பேருக்கு நானே சுரண்டி எடுத்திருக்கிறேன்.

கே: டைட்டானியத்துக்குப் பதில் சிர்க்கோனியா (வெள்ளைப் பீங்கான் வகை) வைத்தால் வீங்காதா?

ப: வீங்கும். அதில் அழுக்குப் படலம் குறைவாகப் படிகிறது என்று சில ஆய்வுகள், பெரிய வித்தியாசமில்லை என்று சில. மெல்லிய ஈறில் உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியாது, அது நிச்சய லாபம். பொருளைவிட வழவழப்பைப் பாருங்கள். ஈறைத் தொடும் இடத்தின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் அழுக்கு கூடும். அதற்குக் கீழே மெருகேற்றுவதில் பெரிய பலனில்லை.

கே: விலை எவ்வளவு?

ப: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கே: சிர்க்கோனியா ஈறுக்கு நல்லதாமே?

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: நான் உலோகவியல் படித்தவன். வீங்கிய ஈறில் டைட்டானியத் துகள் கிடைக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ப: கிடைப்பது உண்மை. திருகும்போது உரசும், ஸ்டீல் கருவியால் சுரண்டினால் உதிரும். ஆய்வகத்தில் துகளைக் கண்ட வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்டவும் செய்கின்றன. ஆனால் வீக்கமில்லாத ஈறிலும் துகள் இருக்கிறது. துகளால் வீக்கமா, வீக்கத்தால் துகளா? 2017இல் நடந்த ஈறு நோய் மருத்துவர்களின் உலக மாநாடு முதல் குற்றவாளி என்று கை காட்டியது அழுக்கைத்தான். துகளின் பங்கு இன்னும் தீரவில்லை என்றது.

கே (அவரே): டைட்டானியக் கலவையான 5ஆம் கிரேடில் 6% அலுமினியம், 4% வனேடியம். அது அரிக்காதா?

ப: அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல் ஆக்சைடை அரிக்கும், அங்கே உங்கள் பக்கம்தான் நான். கிரேடு 4 சுத்த டைட்டானியமும் கிடைக்கிறது. ஆனால் எந்தக் கிரேடானாலும் சிமெண்ட் தங்கினால் கதை ஒன்றே.

கே: இடுக்கில் ஊக்கால் குத்தி எடுக்கலாமா?

ப: ஊக்கைக் கீழே வையுங்கள்! இடுக்கு பிரஷ் வாங்குங்கள், கம்பி மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதாகப் பார்த்து.

கே: டாக்டர், சிர்க்கோனியா...

ப: வீங்கும்.