நீளப் பாலங்களும் நில அதிர்வும்: கணிதப் பிரிவு மகளின் பெற்றோருக்கு

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் மகள், பூமியதிர்ச்சியைத் தாங்கும் பாலங்களை வடிவமைப்பதுதான் தன் தொழில் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், இலங்கையில் அதற்கு வேலை ஏது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் இங்கே வேலை குறைவுதான். ஆனாலும் மறிக்காதீர்கள். அங்கே போகும் வழி முழுவதும் குடிசார் பொறியியல். பாதியில் திசை மாறினாலும் கையில் தொழில் இருக்கும்.

மகள் கேட்பது என்ன துறை என்று நீங்களும் அறிந்திருப்பது நல்லது. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அந்த நீளத்தை ஒரு நில அலை விநாடிக்கு 1000 மீற்றர் வேகத்தில் கடந்தால், ஒரு கரை ஆடத் தொடங்கி 0.4 விநாடி கழித்துத்தான் மறுகரை ஆடும். போகும் வழியில் அலை சிதறி உருமாறுவதும் உண்டு. ஒரு தூண் பாறையிலும் அடுத்தது களப்புச் சேற்றிலும் நின்றால் வித்தியாசம் இன்னும் கூடும். வழமையான கணிப்போ எல்லாத் தூண்களின் அடியும் ஒன்றாக அசைவதாக எடுத்துக்கொள்கிறது. பூமியதிர்ச்சியைத் தாங்கும் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 8இன் 2ஆம் பாகம் (பாலங்கள்) இதற்கு எல்லை வைக்கிறது: தூண்களின் கீழ் மண் வகை மாறினாலோ, தொடர்ச்சியான தளத்தின் நீளம் பாறையில் 400 மீற்றரை, இளகிய டி வகை மண்ணில் 200 மீற்றரைத் தாண்டினாலோ, தூணுக்குத் தூண் மாறும் அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

விளைவு பாலத்தின் வகையைப் பொறுத்தது. தளமும் தூணும் ஒன்றாக இறுகிய பாலத்தில், அடிகள் விலகும்போதே தூண்களுக்குள் மேலதிக விசை ஏறும். பீம்கள் தனித்தனியே அமர்ந்திருக்கும் பாலத்தில் அந்த விசை ஏறாது, பீம் தூண் தலையிலிருந்து வழுகி விழுவதே ஆபத்து. அதனால் பீம் தூண் தலையில் அமரும் நீளத்துக்குக் குறைந்தது 400 மி.மீ. வைத்து, அதோடு நிலம் விலகும் அளவையும் கட்டமைப்பு அசையும் அளவையும் கூட்டுவார்கள். மாணவர்கள் அதிகம் தவறுவது இன்னோரிடத்தில்: நில அதிர்வின் முடுக்கப் பதிவை இருமுறை தொகையிட்டு இடப்பெயர்ச்சி எடுக்கும்போது அடிக்கோட்டை (பதிவின் பூச்சியக் கோட்டை) திருத்தாமல் விடுவார்கள். சிறு பிழை வளர்ந்து, இல்லாத இழுவையைக் கணினி பாலத்தில் காட்டும்.

இதற்கான அத்திவாரம் இப்போதே அவருடைய பாடத்திட்டத்தில் இருக்கிறது: இணைந்த கணிதத்தில் எளிய இசை இயக்கம், தாயங்கள், வகையீடு. நிலையியலைப் பாஸ்ட் பேப்பருக்காக மட்டும் செய்யாமல், ஒவ்வொரு கணக்கிலும் விசைப்படம் கீறிப் பழகட்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை. அது இருக்கும் இடங்கள்: கிழக்கில் ஒலுவில், வடக்கில் கிளிநொச்சி அறிவியல் நகர், அப்பால் பேராதனை, மொறட்டுவை, றுகுணு. விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது வீட்டுக்குக் கிட்ட என்பதை மட்டும் பார்க்க வேண்டாம், விடுதி வசதியையும் விசாரியுங்கள். நான்கு வருடப் பட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். நம் பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவது பெரும்பாலும் அதனால்தான். பரீட்சை முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கும் பைதான் நிரலாக்கத்துக்கும் ஒதுக்குங்கள். இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும், கட்டமைப்பு அதிர்வில் எப்படி அசையும் என்று கணிக்கும் ஓப்பன்சீஸ் மென்பொருளைப் பைதானிலேயே இயக்கலாம், கட்டணமும் இல்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எட்டாவிட்டால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் என்டிடி (தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா) குடிசார் பிரிவு இருக்கிறது. பட்டம் முடித்ததும் உடனே வெளிநாடு போக அவசரப்பட வேண்டாம். இரண்டு வருடம் சாதாரணப் பால வேலையில் பெயாரிங் (பீமைத் தாங்கும் தாங்கி), பைல் (நிலத்துள் இறக்கும் அத்திவாரத் தூண்), வரைபடம் எல்லாம் கைப்பட்ட பிறகு, ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாம்.