பூண்டு எண்ணெய் அலமாரியில் இருக்கலாமா?

கேள்வி: இருபது பல் பூண்டை ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் வேகவைத்து, பூண்டோடு சேர்த்தே பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் ஆகிறது. பூசணம் இல்லை, வாசனையும் நன்றாகவே இருக்கிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா? இதையே வெண்ணெயில் செய்ய முடியுமா?

பதில்: கொட்டிவிடுங்கள். கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்தும் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், இரட்டைப் பார்வை, இமை தொங்குவது, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பூண்டு எண்ணெய் சாப்பிட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மண்ணில் வளரும் பூண்டில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். நாம் சாதாரணமாகக் காய்ச்சும் சூட்டில் அவை சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி வரை போக வேண்டும். அவை முளைக்கத் தேவையானவை காற்றில்லாத இடம், ஈரம், புளிப்பின்மை, அறை வெப்பம். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது. ஈரத்தைப் பூண்டே கொண்டுவருகிறது. உங்கள் பாட்டிலில் நான்கும் அமைந்துவிட்டன. முளைத்த பாக்டீரியா சுரக்கும் நச்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அதனால்தான் 'வாசனை நன்றாக இருக்கிறது' என்பதை நான் நம்புவதில்லை.

1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நச்சால் பாதிக்கப்பட்டார்கள். காரணம், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு பாட்டில். குளிரில் வைக்க வேண்டியதை வெளியில் வைத்திருந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆனது.

இனிச் செய்யும்போது, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்வதே என் முதல் யோசனை. கால் மணி நேர வேலைதானே. மிஞ்சினால் பூண்டை வடித்துவிட்டு உடனே பிரிட்ஜில் வையுங்கள். 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். (வடித்துவிட்டதாலேயே ஆபத்து நீங்கிவிடாது, சாறு எண்ணெயில் தங்கியிருக்கும்.) நாள் கடத்த வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பதுதான் வழி. ஒரு கட்டியை எடுத்து நேராகச் சட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

துளசி, ரோஸ்மேரி போன்ற பச்சை இலைகளுக்கும் இதே விதிதான். நன்றாகக் காய்ந்த மிளகாய், காய்ந்த மூலிகை கதை வேறு: ஈரம் இல்லாததால் வித்து முளைக்காது. பாட்டில் மட்டும் சொட்டு நீரில்லாமல் உலர்ந்திருக்கட்டும். எண்ணெய் காறிப்போகாமல் இருக்க வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

வெண்ணெயில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வெண்ணெயில் கிட்டத்தட்ட 16 சதவீதம் தண்ணீர். அதோடு பால் துகள்களும் உண்டு. அவை சட்டென்று கருகிக் கசக்கும். அதனால் எண்ணெயைவிடத் தீ இன்னும் குறைவாக இருக்க வேண்டும். சலசலப்பு எழுந்தாலே சட்டியை இறக்கிவிடுங்கள். நான் முதலில் நெய்யாக உருக்கி, துகளை வடித்துவிட்டுத்தான் பூண்டைப் போடுவேன். கருகும் பயம் போய்விடும். பூண்டின் ஈரம் அதிலும் இறங்கும் என்பதால் நெய்தானே என்று வெளியில் வைத்துவிடாதீர்கள். அதற்கும் அதே 4 நாள்தான், இல்லையென்றால் உறைபெட்டி.