விகடகவியும் வியாசர்பாடி கேரம் பலகையும்: வாசகர் கேள்வி - பதில்

அலுவலக வேலைக்கு வெளியே, சொந்த ஆர்வத்தில் சிறு கருவிகளும் விளையாட்டுகளும் எழுதும் மென்பொருள்காரர்கள் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்திருக்கின்றன. பதில் எழுதுபவனும் பெரம்பூர்க்காரன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது போலும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. போகவர மூன்று மணி நேரம் ஆகிறது. இரவில் தொடங்கிய சொந்த முயற்சிகள் 11, மடிக்கணினியில் பாதியிலேயே நிற்கின்றன. ஒன்றையாவது முடிப்பது எப்படி?
- வாசகர், கொருக்குப்பேட்டை

அந்தப் பதினொன்றிலும் நீங்கள் முதலில் எழுதிய பகுதி எது என்று திறந்து பாருங்கள். பயனர் பதிவுத் திரை, கடவுச்சொல் மறந்தவர்களுக்கான வழி, இரவு நேரத்துக்கான கறுப்பு வண்ணம் ஆகியவற்றில்தான் பெரும்பாலானவை தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். ஆயிரம் பேர் பயன்படுத்தப்போகும் மென்பொருளுக்கு அலுவலகத்தில் அப்படித்தான் தொடங்குகிறோம் என்பதால், யாருமே இன்னும் கேட்காத ஒன்றுக்கும் கை தானாக அதையே செய்கிறது. 2014 மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதிய '2048' விளையாட்டில் பதிவுத் திரையே கிடையாது. நான்குக்கு நான்கு கட்டம், நான்கு அம்புக்குறி விசைகள், அவ்வளவுதான். ஜோஷ் வார்டில் தம் துணைவிக்காக எழுதி 2021இல் வெளியே விட்ட 'வேர்டில்' நாளுக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் தந்தது. அதை 2022 ஜனவரியில் ஒரு பெரிய நாளிதழ் விலைக்கு வாங்கியது என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதலில் அது ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, பதினொன்றில் எதையாவது உங்களிடம் யாரேனும் வாய்விட்டுக் கேட்டிருந்தால் அதை மட்டும் கையில் எடுங்கள். கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் மாறி உட்கார்ந்த பிறகு மடிக்கணினியைத் திறக்காமல், ஒரு தாளில் அதன் முதல் திரையை வரைந்து, அந்தத் திரையில் இல்லாத எதையும் இந்த மாதம் எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பத்தையும் அழிக்க வேண்டாம். அவை பழகிய கணக்கு நோட்டுகள். தனக்குத் தானே எல்லை போட்டுக்கொள்ள முடியாதவர்களுக்கு வெளியிலிருந்து எல்லை போடும் போட்டிகளும் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நடக்கும் ஜேஎஸ்13கே போட்டியில், விளையாட்டு முழுவதும் சுருக்கிய கோப்பாக 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் நூறில் ஒரு பங்குகூட அது வராது. அந்த அளவுக்குள் பயனர் பதிவுத் திரையை நுழைக்க யாருக்கும் மனம் வராது.

வியாசர்பாடியில் கேரம் பலகையோடு வளர்ந்தவன் நான். நான் எழுதிய கேரம் விளையாட்டில், வேகமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே கடந்து போகிறது. மெதுவாக அடித்தாலோ காய் நிற்பேனா என்று ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கிளப்பில் அண்ணன்கள் கேலி செய்கிறார்கள்.
- வாசகர், வியாசர்பாடி

அண்ணன்கள் கேலி செய்வது நியாயம்தான். 1996இல் கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர்; 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். இந்தப் பக்கத்தில் காய் தப்பாக ஓடினால் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவது, திரை நொடிக்கு 60 முறை மட்டுமே புதிதாக வரையப்படுவதால் வருவது. ஸ்ட்ரைக்கரின் விட்டம் சுமார் 4 சென்டிமீட்டர், காயின் விட்டம் சுமார் 3. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடித்தால், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ஸ்ட்ரைக்கர் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. ஒரு காட்சியில் காய்க்கு முன்னால் இருந்தது அடுத்த காட்சியில் பின்னால் இருக்கும். இரண்டும் தொட்ட கணத்தை உங்கள் நிரல் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு காட்சியையும் எட்டுச் சிறு படிகளாகப் பிரித்து, படிக்குப் படி மோதலைச் சோதித்தால் நகர்வு 1 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். கைப்பேசி தாங்குமா என்று அஞ்ச வேண்டாம். கறுப்பு 9, வெள்ளை 9, ரெட் 1, ஸ்ட்ரைக்கர் 1 என்று 20 பொருள்கள். அவற்றுக்குள் 190 இணைகள். எட்டுப் படி, 60 காட்சி என்று பெருக்கினால் நொடிக்கு 91,200 சோதனைகள் வருகின்றன. இன்றைய கைப்பேசிக்கு அது பொருட்டே இல்லை.

இரண்டாவது கோளாறைப் பார்க்காமலே சொல்கிறேன்: ஒவ்வொரு காட்சியிலும் வேகத்தை 0.98 போன்ற ஓர் எண்ணால் பெருக்கியிருப்பீர்கள். அப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் வேகம் குறையுமே தவிர ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. காய் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் போல ஊரும். பலகையில் நடப்பதோ உலர்ந்த உராய்வு. காய் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு நொடியும் அதன் வேகத்தில் ஒரே அளவு கழிகிறது. கழிந்து கழிந்து சட்டென்று நின்றுவிடுகிறது. எனவே பெருக்குவதை விட்டுவிட்டு, ஒரு மாறாத அளவைக் கழியுங்கள். வேகம் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் மட்டும் தடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருமடங்கு வேகத்தில் அடித்த காய் நான்கு மடங்கு தூரம் ஓடும். அண்ணன்களின் விரலுக்குப் பழகிய கணக்கு அதுதான். பலகையில் பவுடர் போடுவதென்பது நிரலில் அந்தக் கழிக்கும் எண்ணைக் குறைப்பதே. அந்த எண்ணை நீங்களாகத் தீர்மானிக்காமல், கைப்பேசியைக் கிளப்பில் கொடுத்து, 'பவுடர் போதுமா அண்ணே?' என்று கேட்டுக்கேட்டுத் திருத்துங்கள். ரெட்டுக்கு ஃபாலோ போடும் விதியை அதற்குப் பிறகு எழுதலாம்.

பாட்டிக்காக, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை எழுதினேன். 'விகடகவி' என்று கொடுத்தால் தவறு என்கிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு 5 எழுத்து என்கிறது. பாட்டி சிரிக்கிறார்.
- வாசகி, பெரம்பூர்

கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் 'வி' என்பது ஓர் எழுத்தாக அன்றி, வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து இருப்பதால் கணினி ஐந்து என்கிறது. நாம் 'வி, க, ட, க, வி' என்று ஐந்து எழுத்தாகப் படிக்கும் விகடகவி கணினிக்கு ஏழு குறியீடுகள். அவற்றை அப்படியே திருப்பினால், சாய்ந்துகொள்ள எழுத்தில்லாத ஒரு கொக்கிதான் முதலில் வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தால், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் 'செக்மென்டர்' வசதி அதிலேயே இருக்கிறது. முதலில் பிரியுங்கள், பிறகு திருப்புங்கள். குடகு, தேருவருதே, மோருபோருமோ ஆகியவற்றையும் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

இதைவிட நுட்பமான தொல்லை இன்னொன்று இருக்கிறது. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் 'என்எஃப்சி' என்ற இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால், 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்பவர்களை அது காப்பாற்றாது. அந்த ஒரு சிக்கலுக்கு நீங்களே தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். 'க்ஷ' ஓர் எழுத்தா இரண்டா என்பதைக் கணினியிடம் கேட்காதீர்கள். விளையாடப்போவது பாட்டி, அவர் சொல்வதே விதி.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் மாமாவுக்குப் பாக்கிக் கணக்குச் செயலி எழுதித் தருகிறேன். பணம் வாங்கலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பணம் வாங்குவதை உங்கள் அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் சொல்லக்கூடியது மறுபிரதி (பேக்கப்) பற்றி. சில ஆண்டுகளுக்கு முன், மாவு மில் நடத்தும் உறவினர் ஒருவருக்கு இதே போன்ற செயலியை எழுதிக்கொடுத்து, கணக்கு முழுவதையும் அவருடைய ஒரே கைப்பேசியில் வைத்தேன். ஒரு நாள் அது தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. ஐந்து மாதப் பாக்கி போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை; அடுத்த நாள் நீளக் கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி வந்து, என் கண் முன்னாலேயே அட்டை போட்டார்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் கணக்கு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் எழுதிய அது யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுச்சொத்தாக விடப்பட்டது என்பதால் கட்டணமும் இல்லை, உரிமச் சிக்கலும் இல்லை. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை வெறுமனே நகல் எடுத்தால் அரைகுறையாக வரக்கூடும். மறுபிரதிக்கென்றே அதில் உள்ள கட்டளையைப் பயன்படுத்தி, இரவுதோறும் வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை இன்னொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததே. தொகையை ரூபாய்ப் புள்ளிக் கணக்காகச் சேமிக்காமல் முழுப் பைசாவாகச் சேமியுங்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி சரியாக 0.3 என்று தருவதில்லை. அந்தச் சில்லறை வித்தியாசத்தை மாமா கண்டுபிடித்துவிடுவார். தீபாவளி நெருங்கும்போது எக்காரணத்துக்காகவும் புதிய பதிப்பைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிளே ஸ்டோரில் வெளியிட எவ்வளவு செலவாகும்?
- வாசகி, எண்ணூர்

ஒரே முறை 25 டாலர். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேரைச் சேர்த்து 14 நாள் மூடிய சோதனை நடத்திய பிறகே பொதுவில் விட முடியும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். விளையாட்டு உலாவியில் ஓடும் என்றால் இட்ச் என்ற விளையாட்டு வெளியீட்டுத் தளத்தில் செலவின்றியே ஏற்றலாம். முதல் விளையாட்டுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

நான் ஓய்வு நேரத்தில் எழுதுவது என் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவொற்றியூர்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஊழியர் தம் பணியின் ஊடே உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளியே முதல் உரிமையாளர். 'பணியின் ஊடே' என்ற சொற்களில்தான் வழக்கே இருக்கிறது. அலுவலக மடிக்கணினியில், அலுவலக நேரத்தில், அலுவலகத் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றை எழுதினால் உங்கள் வாதம் வலுவிழக்கும். அதைவிட முக்கியம் நீங்கள் கையெழுத்திட்ட பணி ஒப்பந்தம். ஓய்வு நேரப் படைப்பும் நிறுவனத்துடையதே என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். அப்படி இருந்தால், வெளியிடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பணம் புழங்கும் நிலை வந்தால் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எழுதியவற்றில் எது இன்றும் ஓடுகிறது?
- வாசகர், ராயபுரம்

ஒன்றுதான். எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணீர் வரும் நேரம் சீராக இராது என்பதால், அம்மாவுக்காக ஒரே ஒரு பொத்தான் உள்ள பக்கம் ஒன்றை எழுதினேன். தண்ணீர் வந்ததும் அவர் அதை அழுத்துவார். கடந்த பத்து முறை எப்போது வந்தது என்று கீழே காட்டும். அடுத்து எப்போது வரும் என்று கணித்துச் சொல்லும் பகுதியையும் ஒரு காலத்தில் சேர்த்திருந்தேன். அது தப்பாகச் சொன்ன இரண்டாம் நாளே எடுக்கச் சொல்லிவிட்டார். போன மாதம் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார், பத்து நிமிட வேலை. எதிர்வீட்டு அக்காவும் இப்போது அதைத்தான் பார்க்கிறார். ஆனால் பொத்தானை அழுத்தும் உரிமை அம்மாவுக்கு மட்டுமே.