பிஷ்கெக் போகிற மகளுக்கு: பழைய சோவியத் குடியரசுகளைப் பற்றி எதில் தொடங்கிப் படிப்பது?

“மகள் எம்பிபிஎஸ் படிக்க பிஷ்கெக் போகிறாள். அதற்குள் அந்தப் பக்கத்துக் குடியரசுகளின் வரலாறு, பண்பாடு பற்றி அவளும் நானும் படிக்க என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன?” என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்கத் தோன்றியதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. 2005-ல் நான் கிர்கிஸ்தான் தலைநகரான அதே ஊருக்கு அதே படிப்புக்குக் கிளம்பியபோது எங்கள் வீட்டில் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: அரிசி கிடைக்குமா, குளிர் எவ்வளவு இருக்கும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் “ரஷ்யாவில் படிக்கிற பையன்”. நானும் திருத்தவில்லை. கிர்கிஸ்தான் வேறு, ரஷ்யா வேறு என்பது எனக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2008 ஜூன், பரீட்சை நேரம். நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவரை நாங்கள் “எஜே” என்றுதான் கூப்பிடுவோம். நம் ஊர் அக்கா மாதிரி, அங்கே வயதில் மூத்த பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. யாரோ பெரிய மந்திரி போய்விட்டார் போல என்று நினைத்தேன். இல்லை, ஓர் எழுத்தாளராம். எழுத்தாளர் இறந்ததற்கு நாடே துக்கம் கொண்டாடுமா? அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். “யாரு, ஐத்மாத்தவா? டேய், நம்ம வீட்டு அலமாரியிலயே ‘ஜமீலா’ இருக்கே. சின்ன வயசுல நீதான அட்டையைக் கிழிச்ச” என்றார் அப்பா.

நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் (என்சிபிஎச்) புத்தக வேன் ஊருக்கு வந்தபோதெல்லாம் அப்பா சோவியத் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவார். கெட்டி அட்டை, பளபளப்பான தாள், விலையோ ஒரு வேளை சாப்பாட்டுக்கும் குறைவு. மாஸ்கோவில் தமிழில் அச்சாகிக் கப்பலேறி வந்த அந்தப் புத்தகங்களில் ஒன்று, நான் போய்ச் சேர்ந்த ஊரின் கதையைச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு என் முதல் பரிந்துரை வரலாற்று நூல் அல்ல. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’. 1958-ல் வந்த குறுநாவல், தமிழில் கிடைக்கிறது, ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

கதை எளிமையானது. இரண்டாம் உலகப்போர் சமயம். ஆண்கள் எல்லாம் போர்முனையில். ஊர்ப் பெண்களும் பையன்களும் தானிய மூட்டைகளை வண்டியில் ஏற்றி ரயில் நிலையத்தில் சேர்க்கிறார்கள். சொல்கிறவன் செயித் என்கிற பையன்; ஜமீலா அவனுக்கு அண்ணி. காயம்பட்டுத் திரும்பிய தானியார் என்ற, உற்றார் இல்லாத ஒருவன் ராத்திரி வண்டியோட்டும்போது பாடுகிறான். அதற்குமேல் நான் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜமீலா செயித்தைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை, “கிச்சினே பாலா”, சின்னப் பையா, என்பாள். புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை, சின்னவனாக இருந்தாலும், மருமகள் வாயில் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். புருஷன் பேரைச் சொல்லாமல் ரேஷன் கடையில் தவித்த பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவையா? பல வெளிநாட்டுக்காரர்கள் தாண்டிப் போய்விடுகிற இந்த வரியில்தான் எனக்குக் கதையே திறந்துகொண்டது.

அதோடு அவருடைய ‘முதல் ஆசிரியர்’. அரைகுறையாய் எழுத்துக்கூட்டத் தெரிந்த துயிஷேன் 1920-களில் ஒரு பழைய லாயத்தில் பள்ளிக்கூடம் வைத்து, குளிரில் உறையும் ஓடையைப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கடக்கிற கதை. சோவியத் ஆட்சி அந்த மலைக்கு எதைக் கொண்டுவந்தது என்பதை இதைவிட அன்பாக யாரும் சொல்லவில்லை.

அது எதை எடுத்துக்கொண்டது என்பதையும் அதே ஆள்தான் எழுதினார். 1980-ல் வந்த பெரிய நாவல், ஆங்கிலத்தில் ‘தி டே லாஸ்ட்ஸ் மோர் தேன் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’. கசாக் புல்வெளியில் ஒரு தூங்குமூஞ்சி ரயில் நிறுத்தம். எதிகேய் என்கிற ரயில்வே தொழிலாளி, செத்துப்போன நண்பனை முன்னோர் இடுகாடான அனா-பெயித்தில் புதைக்க ஒட்டகத்தில் கிளம்புகிறான். போனால் இடுகாட்டைச் சுற்றி ராக்கெட் தளத்தின் முள்வேலி. இதன் நடுவே ஒரு பழங்கதை வருகிறது. பிடிபட்டவனின் தலையை மழித்து, ஈர ஒட்டகத் தோலை இறுக ஒட்டி, வெயிலில் கிடத்துவார்கள். தோல் காய்ந்து இறுகும். பிழைத்துக்கொள்கிறவனுக்குப் பெயர், ஊர், தாய் எதுவும் நினைவிருக்காது. அவன் ‘மன்குர்த்’. தேடி வந்த தாயையே அம்பெய்து கொல்கிறான். நாவல் வந்தபின் இந்தச் சொல் சோவியத் குடியரசுகளில் புழக்கத்துக்கே வந்துவிட்டது. தாய்மொழி தெரியாமல் ரஷ்யன் மட்டும் பேசுகிறவனை இன்றும் அங்கே கோபத்தில் மன்குர்த் என்பார்கள்.

ஐத்மாத்தவின் அப்பா தோரேகுல் ஒரு கம்யூனிஸ்ட் தலைவர். 1937-ல் கைதானார், 1938-ல் சுடப்பட்டார். எங்கே புதைத்தார்கள் என்று ஐம்பது வருஷம் குடும்பத்துக்குத் தெரியாது. பிஷ்கெக்குக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் சோன்-தாஷ் என்ற இடம். அங்கே காவல் இருந்த ஒருவர் சாகும் தறுவாயில் மகளிடம் சொல்லிவைத்த ரகசியம், 1991-ல் வெளியே வந்தது. பழைய செங்கல் சூளைக்குள் 130-க்கு மேற்பட்ட உடல்கள். ஓர் உடையின் பையில் தோரேகுலின் குற்றப்பத்திரிகைத் தாள். அந்த இடத்துக்கு ‘அதா-பெயித்’, தந்தையர் கல்லறை, என்று பெயரிட்டவர் மகன் ஐத்மாத்தவ்தான். பதினோரு வருஷம் முன்பே அனா-பெயித், தாயின் கல்லறை, என்று நாவலில் எழுதிவிட்டாரே! 2008-ல் அவரையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். உங்கள் மகள் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வரட்டும். 1916-ல் ஜார் அரசு போர்முனை வேலைக்கு ஆள் பிடிக்கப்போக, அதை எதிர்த்துக் கிளர்ந்த கிர்கிஸ் மக்கள் ராணுவத்துக்குத் தப்பிப் பனிமலைக் கணவாய்கள் வழியே சீனாவுக்கு ஓடினார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த ‘ஊர்கூன்’ நினைவுச்சின்னமும் அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பிறகு வரலாறு படித்தால் ஒட்டும். என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று போதும்: அதீப் காலித் எழுதிய ‘சென்ட்ரல் ஏஷியா: எ நியூ ஹிஸ்டரி’, 2021. இணையத்தில் யாரைக் கேட்டாலும் “ஸ்டாலின் வரைபடத்தில் கோடு போட்டார், ஐந்து ஸ்தான்கள் பிறந்தன” என்பார்கள். நானும் அதையே சொல்லித் திரிந்தவன்தான். 1924-ல் எல்லைகள் பிரிக்கப்பட்டபோது உள்ளூர் அறிவாளிகளும் கட்சிக்காரர்களும் எவ்வளவு தூரம் வாதாடினார்கள், தங்கள் தேசம் எது என்பதில் அவர்களுக்கே எவ்வளவு ஆசையும் கணக்கும் இருந்தது என்று காலித் காட்டுகிறார். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் சோக் என்று ஓர் இடம். சுற்றிலும் கிர்கிஸ்தான், ஆனால் அந்தத் துண்டு உஸ்பெகிஸ்தானுக்குச் சொந்தம், அதில் வாழ்வோர் பெரும்பாலும் தாஜிக்குகள். இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பகுதியின் பாதித் தலைவலி புரியும். 1990-லும் 2010-லும் தெற்குக் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் கிர்கிஸ்-உஸ்பெக் கலவரம் நடந்திருக்கிறது. அதைப் பற்றி யாரிடமும் வலியப் போய்ப் பேச வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும்.

அதே ஃபெர்கானாதான் பாபர் பிறந்த மண். 1483-ல் அந்திஜானில். அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய ‘பாபர் நாமா’வை நாம் பானிபட்டிலிருந்து புரட்டுகிறோம். தயவுசெய்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஓஷின் ஓடும் தண்ணீரையும் பூக்களையும் மனுஷன் எப்படி வர்ணிக்கிறான்! பிற்பாடு இந்துஸ்தானத்துக்கு வந்து நல்ல குதிரை இல்லை, நல்ல முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை என்று அவர் போடுகிற புலம்பல் பட்டியல், பிஷ்கெக் விடுதியில் நாங்கள் இட்லி இல்லை, முருங்கைக்காய் இல்லை என்று போட்ட பட்டியலுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பக்கத்து நாடுகளுக்கு வருவோம். கசாக்ஸ்தானுக்கு இரண்டு. சாரா கேமரன் எழுதிய ‘தி ஹங்கிரி ஸ்டெப்’ 1930 முதல் 1933 வரையிலான பஞ்சத்தைப் பற்றியது. மந்தையோடு நாடோடியாக வாழ்ந்தவர்களை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஆடுமாடுகளைப் பறித்து, கூட்டுப்பண்ணையில் திணித்ததில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் செத்தார்கள். உக்ரைன் பஞ்சம் உலகத்துக்குத் தெரிந்த அளவுக்கு இது தெரியாது. அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கடந்து வந்த முகமெத் ஷயாக்மெதவின் நினைவுக்குறிப்பு ‘தி சைலன்ட் ஸ்டெப்’. முதலில் இதைப் படித்துவிட்டு கேமரனிடம் போங்கள். அப்போதுதான் எண்ணிக்கைக்குப் பின்னால் முகம் தெரியும்.

உஸ்பெகிஸ்தானுக்கு ஹமீத் இஸ்மாயிலவின் ‘தி டெவில்ஸ் டான்ஸ்’. உஸ்பெக் நாவலின் பிதாமகர் அப்துல்லா காதிரி 1938 அக்டோபர் 4-ல் தாஷ்கெண்டில் சுடப்பட்டவர். கூடவே கவிஞர் சோல்பான், அறிஞர் ஃபித்ரத் இருவரும். அந்தக் காதிரி சிறைக்குள் காகிதமில்லாமல் மனதுக்குள்ளேயே ஒரு நாவலை எழுதிப் பார்ப்பதாகக் கற்பனை. படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பாத்திரப் பெயர்கள் குழப்பும். எழுதியவரும் 1992-லேயே நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தவர்.

காகசஸ் பக்கம் பிஷ்கெக்கிலிருந்து வெகு தூரம், ஆனால் “பழைய சோவியத்” என்ற ஒரே மூட்டையில் அதையும் கட்டுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். வசீலி கிராஸ்மன் 1961-ல் ஆர்மீனியாவில் இரண்டு மாதம் தங்கி எழுதிய சிறு நூல், ஆங்கிலத்தில் ‘ஆன் ஆர்மீனியன் ஸ்கெட்ச்புக்’. அவருடைய பெரிய நாவலின் கையெழுத்துப் பிரதியை அரசு பறித்துக்கொண்டுபோன வருஷம் அது. அந்த வலியோடு போனவர் கிராமத்துக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்கிற பார்வைக்காகவே படிக்கலாம். அஜர்பைஜானுக்கு அக்ரம் அய்லிஸ்லியின் ‘ஸ்டோன் ட்ரீம்ஸ்’. தன் சொந்த ஊரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதை அஜர்பைஜானியான அவர் எழுதினார். 2013-ல் ‘மக்கள் எழுத்தாளர்’ பட்டத்தைப் பறித்தார்கள், புத்தகங்களைக் கொளுத்தினார்கள், காதை அறுத்து வருகிறவனுக்குப் பரிசு என்று ஒரு கட்சித் தலைவரே அறிவித்தார். ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிய கராபாக் சண்டையின் விரிவான வரலாறு வேண்டுமென்றால் தாமஸ் டி வால் எழுதிய ‘பிளாக் கார்டன்’.

ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சின் ‘செகண்ட்-ஹேண்ட் டைம்’ எல்லாக் குடியரசுகளுக்கும் பொதுவானது. சோவியத் உடைந்தபின் சாமானியர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவர்கள் குரலிலேயே கேட்கலாம். கனமான புத்தகம். விடுதியில் தனியாக, பனிக்காலத்தில், ராத்திரியில் படிக்கவேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

எதில் தொடங்கக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பீட்டர் ஹாப்கிர்க்கின் ‘தி கிரேட் கேம்’ எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும். விறுவிறுப்பான புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் அதில் மத்திய ஆசியாவுக்காக ஆடுகிறவர்கள் பிரிட்டிஷ்காரர்களும் ரஷ்யர்களும். உள்ளூர் ஜனம் அவர்களுக்கு ஆட்டப்பலகை. முதலில் அதைப் படித்த என் அறைத்தோழன் ஆறு வருஷமும் அந்த மக்களை ஏதோ படத்தின் பின்னணி போலவே பார்த்தான். கடைசியாகப் படித்தால் கெடுதல் இல்லை.

கிர்கிஸ் மக்களின் ‘மனாஸ்’ காவியத்தை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்பார்கள். சயாக்பாய் கரலாயெவ் என்ற ஒரே பாடகரிடமிருந்து எழுதியெடுத்த வடிவமே ஐந்து லட்சம் வரிகளுக்கு மேல். நம் மகாபாரதம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான். அதைப் புத்தகமாகப் படிப்பதை விட, அதைப் பாடுகிற ‘மனாஸ்சி’ ஒருவர் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக் குரலெடுப்பதை யூடியூபில் பத்து நிமிஷம் பாருங்கள். நம் ஊர் வில்லுப்பாட்டில் சாமி இறங்குகிற கட்டம் நினைவுக்கு வரும்.

ஆங்கில நூல்களை எல்லாம் போனிலோ கிண்டிலிலோ ஏற்றிக்கொள்ளலாம், விமானத்தில் எடை மிச்சம். ‘ஜமீலா’வை மட்டும் தமிழ்ப் புத்தகமாகவே கொடுத்தனுப்புங்கள். நான் மறு வருஷம் அப்பாவின் கிழிந்த பிரதியை எடுத்துப்போய்க் காட்டியபோது, எஜே ஓர் எழுத்தும் புரியாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, அன்று ராத்திரி எங்கள் நாலு பேருக்கும் பெஷ்பர்மாக் சமைத்துப் போட்டார். ஊறுகாய்க்கு ஒதுக்கிய எடையில் இருநூறு கிராமைக் குறைத்தால் புத்தகத்துக்கு இடம் கிடைத்துவிடும்.