கையால் பாஸ்தா: வகுப்பு முடிந்த பிறகும் வந்த கேள்விகள்

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் தங்கச்சி வீட்டில் மூன்று மாதம் நின்றபோது, அங்கே ஒரு சமையல் வகுப்பில் கையால் பாஸ்தா செய்யப் பழகினேன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக் குசினியில் சனிக்கிழமைகளில் ஆறு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வந்தவர்களும் வர முடியாதவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொக்குவிலிலிருந்து ஓர் அக்கா: புட்டுக்கு அவித்து வைத்த கோதுமை மா இருந்தது. அதில் முட்டை விட்டுக் குழைத்தேன். உருட்ட உருட்ட உடைந்து போனது. முட்டை காணாதா?

முட்டை காணும் அக்கா. மாதான் பிழை. பச்சைக் கோதுமை மாவில் ஈரம் பட்டுக் குழையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. அவித்த மாவில் அந்தப் புரதம் சூட்டிலேயே இறுகிவிடும். பிறகு எவ்வளவு குழைத்தாலும் பின்னாது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் நல்லது. இழுவை வந்தால் புட்டு கட்டிபட்டுப் போகும், அதனால்தான் நாங்கள் அவிக்கிறோம். பாஸ்தாவுக்கு நேர்மாறு. இழுவை இல்லாமல் மா தாளாக விரியாது. கடையில் வாங்கிய வெள்ளைக் கோதுமை மாவை அவிக்காமல், அரித்து மட்டும் எடுங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்றீர்கள். எனக்கு மா சேரவே இல்லை. தண்ணீர் விடலாமா?

பொறு தங்கச்சி, உடனே தண்ணீரைத் தொடாதே. நான் பழகிய முதல் நாளும் இதேதான் நடந்தது. மா உதிரியாகக் கிடந்ததைக் கண்டு பயந்து தண்ணீர் விட்டேன். ஐந்து நிமிடத்தில் பலகையோடு ஒட்டிக்கொண்டது. சொல்லித் தந்த அம்மா ஒன்றும் பேசாமல் என் கைகளைப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, திரும்பவும் தள்ளக் காட்டினார். முதல் நான்கு நிமிடம் மா எப்போதும் கரடுமுரடாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் விடாமல் குழைத்தால் வழுவழுப்பாகும், விரலால் அமுக்கினால் மெல்ல மேலே எழும்பும். அந்தப் பதம்தான் கணக்கு.

அப்படியும் சேராவிட்டால் முட்டை சின்னதாக இருந்திருக்கும். அங்கே ஒரு முட்டை ஓட்டோடு கிட்டத்தட்ட 60 கிராம். நமக்குக் கிடைப்பது பல நேரம் அதைவிடச் சிறியது. ஒரு மஞ்சள் கருவைக் கூடுதலாகச் சேர். இல்லையென்றால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான். குழைத்த பிறகு ஈரச்சீலையால் மூடி அரை மணி நேரம் வை. இதை மட்டும் தவற விடாதே. இறுகிய குளூட்டன் தளர அந்த நேரம் வேண்டும். ஆறப்போடாத மா, நீ எவ்வளவு விரித்தாலும் திரும்பச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

நல்லூரிலிருந்து ஓர் அன்ரி: எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் ஒத்துவருமா?

தாராளமாக, அன்ரி. இத்தாலியிலேயே முட்டை மா பெரும்பாலும் வடக்கே பொலோனியா பக்கத்து வழக்கம். தெற்கில் துரும் என்ற கடினக் கோதுமையின் ரவை மாவும் தண்ணீரும் மட்டும்தான். உலர்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று அங்கே 1967இல் சட்டமே வந்தது. இங்கே துரும் மா கிடைக்காவிட்டால், சாதாரண ரவையைக் கிரைண்டரில் நைசாக அரைத்து, பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்து செய்கிறேன். நன்றாக வருகிறது. 200 கிராமுக்குச் சுமார் 100 மில்லிலீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.

இந்த மாவில் நீங்கள் செய்ய வேண்டியது புசியாத்தே. சிசிலித் தீவின் மேற்குப் பகுதியில், த்ராபனிப் பக்கத்துப் பாஸ்தா இது. மாவைப் பென்சிலைவிட மெல்லிய திரியாக உருட்டி, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, மெல்லிய குச்சியில் சாய்வாகச் சுற்றி, பலகையில் ஒருமுறை உருட்டி உருவினால் சுருள் சுருளாக வரும். அந்தக் காலத்தில் ஒரு காட்டுப் புல்லின் தண்டில் சுற்றினார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வளவுத் தென்னைதான் நினைவுக்கு வந்தது. தடித்த ஈர்க்கைச் சீவிக் கழுவி மாவில் பிரட்டி எடுங்கள், அருமையாக உருவ வரும். வகுப்பில் எல்லோருக்கும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சுருளைக் கண்டதும் ஆளாளுக்கு இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நிற்பார்கள்.

அதற்குச் சோஸ், சமைக்காத தக்காளிப்பழம், உள்ளி, பாதாம், பேசில் இலை, ஒலிவ் எண்ணெய் சேர்த்து இடித்தது. பாதாமுக்குப் பதில் கஜு போடலாம். விரதமென்றால் உள்ளியை விட்டுவிடுங்கள்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி: மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்ததுதானே இது?

இல்லை தம்பி. அல் இத்ரீசி என்ற அரபு புவியியலாளர் சிசிலி அரசன் இரண்டாம் ரொஜருக்காக 1154இல் முடித்த நூலிலேயே, பலெர்மோவுக்குப் பக்கத்து த்ராபியாவில் இத்ரிய்யா என்ற பாஸ்தா வகை மாப்பண்டம் ஏராளமாகச் செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாகப் போனதை எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ பிறந்ததே 1254இல்.

கரவெட்டியிலிருந்து ஓர் அண்ணா: மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம் அண்ணா. உருளைக்கட்டை போதும், நேரான போத்தலும் போதும். அடியில் கையை வைத்தால் விரல் நிழல் தெரியும் மெல்லிசுக்கு விரித்து, ரவை தூவி, சுருட்டி வெட்டுங்கள். தாலியத்தெல்லே என்ற நாடா போன்ற பாஸ்தா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று பொலோனியாவின் வர்த்தக சபையில் 1972இல் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் 7 மில்லிமீட்டரில் வெட்டினால் வெந்ததும் சரியாக இருக்கும்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு தங்கச்சி: காயவைத்து வைக்கலாமா?

முட்டை மாவை எங்கள் வெக்கையில் வெளியே காயவிடாதே, பழுதாகிவிடும். அன்றே சமை, இல்லையென்றால் ரவை தூவி பிரீசரில் வை. உருக விடாமல் அப்படியே கொதிநீரில் போடலாம். முட்டையில்லாததைச் சோளகக் காற்றில், நிழலில், சுளகில் பரப்பி உலர்த்தலாம். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்தி இறுகி வெடித்துவிடும்.

குருநகரிலிருந்து ஓர் அக்கா: நண்டுக் குழம்பு விட்டுச் சாப்பிடலாமா? உப்பு எவ்வளவு?

குழம்பாக விடாமல், தண்ணீர் வற்றிய பிரட்டலாக வையுங்கள் அக்கா. நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீட்டர் தண்ணீர், அதற்குப் பத்துக் கிராம் உப்பு. உங்கள் கிணறு உவரென்றால் முதலில் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துக் குறையுங்கள். எண்ணெய் விட வேண்டாம், விட்டால் பிரட்டல் பிடிக்காது. முட்டைப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். கொஞ்சம் முந்தியே எடுத்து, அவித்த தண்ணீரில் ஓர் அகப்பை விட்டு, நண்டோடு சேர்த்து ஒரு நிமிடம் பெரிய நெருப்பில் கிளறுங்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாப்பசைதான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். மேலே சீஸ் தூவ வேண்டாம். அங்கே கடலுணவோடு அநேகமாகச் சீஸ் சேர்ப்பதில்லை, எங்கள் நண்டுக்கும் அது தேவையில்லை. இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போடுங்கள்.