வயிற்று வலி: எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது?

கேள்வி: சார், 14 வயது மகனுக்கு நேற்று மாலை தொப்புளைச் சுற்றி வலி. சாப்பாடு வேண்டாம் என்கிறான், ராத்திரி இரண்டு தடவை வாந்தி. இப்போது வலது அடிவயிறு வலிக்கிறதாம். விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு இப்போதே கூட்டிப் போங்கள். தொப்புளில் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலது கீழ்ப்பக்கம் நகரும் வலி என்றால் முதலில் குடல்வால் அழற்சியைத்தான் (அப்பெண்டிசைட்டிஸ்) சந்தேகிக்க வேண்டும். குடல்வால் வீங்கத் தொடங்கும்போது வலி தொப்புள் பக்கம்தான் தெரியும். வீக்கம் வயிற்றின் உள்சவ்வைத் தொட்ட பிறகே சரியான இடத்தில் குத்தும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் அந்த இடம். இருமினாலும், வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் அங்கே சுருக்கென்று வலிக்கும். வரிசையையும் கவனியுங்கள்: இதில் வலி முதலில், வாந்தி பிறகு. கெட்டுப்போன சாப்பாட்டால் வந்ததென்றால் பெரும்பாலும் வாந்தி முந்திக்கொள்ளும்.

பேதிக்குக் கொடுத்தால் வீங்கிய குடல்வால் வெடிக்கும் ஆபத்து கூடும். திடீரென்று வலி குறைந்தாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள். வெடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படி இருக்கும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் டாக்டர் பார்க்கும்வரை சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பிரியாணி சாப்பிட்ட ராத்திரிகளில் வலது விலாவுக்குக் கீழே வலி, தோள்பட்டை வரை போகிறது. கேஸ் மாத்திரைக்கு நிற்கவில்லை.

பதில்: பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கும். வாயிலில் கல் அடைத்தால் அரை மணி முதல் சில மணி நேரம் வரை வலிக்கும். ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து ஸ்கேன் எடுங்கள். சாப்பிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கி, கல் சரியாகத் தெரியாது. குளிர்காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ வந்தால் அன்றே அட்மிட் ஆகுங்கள்.

கேள்வி: விலாப்பக்கம் பிடித்து தொடை இடுக்குக்கு இறங்குகிறது, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

பதில்: சிறுநீரகக் கல்லின் வலி இப்படித்தான் புரட்டிப் போடும். 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். காய்ச்சல் சேர்ந்தாலோ, சிறுநீர் நின்றாலோ காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அக்காவுக்கு நாள் தள்ளி ஏழு வாரம். இடது அடிவயிற்றில் மட்டும் வலி, தலைசுற்றல்.

பதில்: கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். தோள் நுனியில் வலிப்பது அதன் அடையாளம். உடனே கிளம்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. மேல்வயிறு அழுத்துகிறது, வியர்க்கிறது. சோடா குடித்தார்.

பதில்: மாரடைப்பு இப்படியும் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். நடக்க விடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். மறுபடி ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.