பத்தாம் நாளின் அலை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

போன வருஷம் ஜூனில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். வயது 34, சோழிங்கநல்லூரில் வேலை. ஆகஸ்ட், செப்டம்பரில் வாரத்துக்கு மூன்று நாளாவது தண்ணீரில் இருந்தேன். இப்போது பிப்ரவரி கடைசி, மூன்று வாரமாகப் பெரிதாக ஒன்றுமே இல்லை, கடல் ஏரி மாதிரி கிடக்கிறது. காலையில் கண் விழித்ததும் ஆப்பில் அலை ஃபோர்காஸ்ட்டைத்தான் பார்க்கிறேன், மீட்டிங் நடுவிலும் பார்க்கிறேன். பத்தாம் நாளில் 1.4 மீட்டர் என்று காட்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 0.7 ஆகியிருக்கும், அப்புறம் இருந்த இடமே தெரியாது. மறுபடி பத்தாம் நாளில் வேறொன்று முளைக்கும். போன வியாழக்கிழமை 1.1 மீட்டர் போட்டிருந்தது என்று லீவு எடுத்துப் போனேன், வெறும் நுரைதான். அதற்கு முந்தைய ஞாயிறு 0.6 என்று இருந்ததால் போகவில்லை. நண்பன் போய்விட்டு நல்ல அலை என்று படம் அனுப்பினான். இதையெல்லாம் நம்பலாமா? நம்பலாம் என்றால் எதைப் பார்க்க வேண்டும்? வருகிற சனிக்கிழமை வரலாமா?

கே., சென்னை

அன்புள்ள கே.,

பத்தாம் நாளில் முளைத்துக் காணாமல் போகும் அந்த அலையிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது.

நம் கரையில் நாம் ஆசைப்படும் அலை இங்கே பிறப்பதில்லை. ஆஸ்திரேலியாவுக்குத் தென்மேற்கே, பூமத்திய ரேகைக்குக் கீழே 40, 50 டிகிரியில், ஒரு புயல் கடலை நாள் கணக்காக அடிக்கிறது. அங்கே கிளம்பும் ஸ்வெல், அதாவது புயலை விட்டுத் தொலைதூரம் ஓடி வரும் அலை, ஏறத்தாழ 6500 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. ஒரு அலை கடந்து அடுத்தது வர ஆகும் நேரத்தைத்தான் விநாடியில் சொல்கிறார்கள். ஆழ்கடலில் 14 விநாடி ஸ்வெல்லின் கூட்டம் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கணக்குப் போட்டால் கோவளம் வந்து சேர ஏழு நாள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஃபோர்காஸ்ட்டைத் திறங்கள். ஐந்தாம் நாளில் தென்படும் 14 விநாடி ஸ்வெல் ஏற்கனவே பிறந்து, கிளம்பி, இந்த நிமிஷம் இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது. வழியில் அதற்குப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. பத்தாம் நாளில் தென்படும் ஸ்வெல்லின் கதை வேறு, அதைப் பெற வேண்டிய புயலே இன்னும் உருவாகவில்லை. மூன்று நாள் கழித்து அந்த இடத்தில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகும், அது இவ்வளவு வலுக்கும், காற்று நம் பக்கம் பார்த்து வீசும் என்று கணினி மாடல் ஊகிக்கிறது, அந்த ஊகத்தின் மேல் அலையை வளர்த்து உங்களுக்குக் காட்டுகிறது. பல ஆப்கள் அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா இலவசமாகக் கொடுக்கும் தரவைத்தான் எடுத்துப் போடுகின்றன. அந்த மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாக ஓடுகிறது, ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தப் பிறக்காத புயல் இடம் மாறும், இளைக்கும், காணாமல் போகும். ஆனால் திரையில் ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே தசம புள்ளியோடு இருக்கின்றன. உங்களைப் படுத்துவது அதுதான். அலை இல்லாத நாட்களில் கண் தானாகவே வலது ஓரத்துக்குப் போகிறது, நம்பிக்கை அங்கேதான் கிடைக்கிறது என்பதால். நானும் அப்படி ஒரு மார்ச் மாதம் முழுக்க வலது ஓரத்திலேயே வாழ்ந்திருக்கிறேன், தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அதனால் ஒன்று செய்யுங்கள். பத்தாம் நாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தென்கடலின் காற்று வரைபடத்தை நாளைக்கு ஒரு தடவை பாருங்கள். இன்றைக்கு அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆப்பின் மேப்பில் தெற்கே போய்ப் பார்த்தால் போதும்.

அந்த மேப்பிலேயே இன்னொரு காரியம். கோவளத்திலிருந்து இலங்கையின் கிழக்கு விளிம்பைத் தொட்டு, பொத்துவில் பக்கம், ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் திசை 165 டிகிரியை ஒட்டி வரும் (வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180; ஸ்வெல் எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை). அதற்கு மேற்கே, அதாவது 175, 180, 200 என்று வரும் ஸ்வெல்லை இலங்கை பெரும்பாலும் மறைத்துவிடுகிறது, ஓரத்தில் வளைந்து கசிந்து வருவது மட்டும்தான் நமக்கு. ஆப்பிரிக்காவுக்குக் கீழே எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும் அதன் அலை கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இலங்கையின் தெற்குக் கரைக்கும் போகும், நாம் நண்பர்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோட்டை அப்படியே தெற்கே நீட்டினால் அது ஆஸ்திரேலியாவுக்குத் தென்மேற்கே போய் முடிகிறது. நமக்கான புயல் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே அடிக்க வேண்டும். எனக்கு இது புரியவே நாலைந்து வருஷம் ஆனது, யாரும் சொல்லித் தரவில்லை. இது தெரிந்த பிறகு ஃபோர்காஸ்ட்டில் நான் முதலில் பார்ப்பது திசையைத்தான். உயரத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

சரி, இந்த மூன்று வாரம் ஏன் இப்படிக் கிடக்கிறது? வடகிழக்குப் பருவக்காற்று கிளப்பும் அலை ஜனவரியோடு ஓய்ந்துவிடுகிறது. தென்கடலில் இப்போது கோடை முடிகிற நேரம், அங்கே புயல்கள் வலுக்க ஏப்ரல், மே ஆகும். நமக்கு அலை தரும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஓய்ந்திருக்கும் இடைவெளி இது, பிப்ரவரியும் மார்ச்சும். ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை 2025இல் மாமல்லபுரத்தில் நடத்தியபோது ஆகஸ்ட்டில் வைத்தார்கள். நீங்களும் ஆகஸ்ட், செப்டம்பரில் கற்றுக்கொண்டவர், அந்த அளவு மனதில் பதிந்துவிட்டது. இடைவெளி ஒவ்வொரு வருஷமும் வரும்.

இப்போது உங்கள் வியாழனும் ஞாயிறும். நீங்கள் மீட்டரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், விநாடியை எழுதவில்லை. நான் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வியாழன் 1.1 மீட்டர், 6 விநாடி, கிழக்கே கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்று. ஞாயிறு 0.6 மீட்டர், 13 விநாடி, திசை 155, காலையில் கரைக்காற்று. வியாழக்கிழமை நீங்கள் பார்த்தது பக்கத்துக் கடலில் காற்று கிளறிவிட்ட அலை. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 56 மீட்டர்தான், 28 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே அடியில் தரை இருப்பது அதற்குத் தெரியும், கரைக்கு வரும்வரை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து நுரையாக விழும். 13 விநாடி அலையின் நீளம் 264 மீட்டர், 130 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர ஆரம்பிக்கும். உணர்ந்ததும் வேகம் குறையும், பின்னால் வரும் சக்தி முன்னால் வந்து குவியும், அலை நிமிரும். ஆழ்கடலில் 0.6 என்று எழுதியிருந்தது, வளைந்து சிதறி வீணாவது போக, உடையும் இடத்தில் ஒரு மீட்டரை நெருங்கியிருக்கும். உங்கள் நண்பர் அனுப்பிய படம் அதுதான்.

அந்த மீட்டர் கணக்கும் நாம் நினைக்கும் கணக்கு இல்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதன் சராசரியைப் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையில் இறக்க எந்த நாள் சரி என்று சொல்வதற்காக ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரண்டு கடலியலாளர்கள் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இந்த அளவு. நாம் சனிக்கிழமை போகலாமா என்று கேட்பதற்கு அந்தக் கணக்கையே இன்றைக்கும் புரட்டிக்கொண்டிருக்கிறோம். மங்க் அதோடு விடவில்லை. 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவிகளை வைத்து, தென்கடல் புயலின் அலை பசிபிக்கைக் குறுக்காகக் கடந்து போவதைப் பின்தொடர்ந்தார். புயல் பகுதியைத் தாண்டிய பிறகு நீண்ட அலைகள் மிகக் கொஞ்சம்தான் சக்தி இழக்கின்றன என்று தெரிந்தது. ஐந்தாம் நாளை நம்பலாம் என்று மேலே சொன்னேனே, அந்தத் தைரியம் அங்கிருந்து வருவது.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடக்கிறது, வறண்ட நாட்களில் இதைத்தான் தேட வேண்டும். நீளமான அலைகள் வேகமாக ஓடும். 18 விநாடி கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் போகும், ஐந்தரை நாளில் வந்துவிடும். அதே புயலின் 14 விநாடி கூட்டம் வந்து சேர அதற்குப் பிறகு ஒன்றரை நாள் ஆகும். அதனால் ஒரு நல்ல ஸ்வெல் வரும்போது முதலில் வருவது ரொம்பச் சின்னதாக இருக்கும். 0.2 மீட்டர், 17 விநாடி என்று ஃபோர்காஸ்ட்டில் ஒரு வரி, பெரும்பாலும் இரண்டாவது ஸ்வெல் என்ற கட்டத்தில். 0.2 என்று பார்த்ததும் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வரியைக் கண்டால் எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. அடுத்த நாள் விநாடி 16 ஆகும், உயரம் ஏறும், 15 ஆகும், இன்னும் ஏறும். விநாடி படிப்படியாக இறங்குவதைப் பார்க்கும்போது புயல் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதே கொஞ்சம் புரிய ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படி வரும் நீண்ட அலையைத்தான் கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும், பத்து நிமிஷம் ஒன்றும் வராது, பிறகு நாலைந்து ஒன்றாக வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் இறந்தார்கள், எச்சரிக்கை வெளியாகியிருந்த நேரத்தில். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நம் கடற்கரைகளுக்கெல்லாம் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது. சர்ஃப் ஆப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். விநாடி 15ஐத் தாண்டினால் தண்ணீரில் இறங்கும் முன் இருபது நிமிஷம் மணலில் உட்காருங்கள். காலையில் ஃபைபர் படகைக் கடலில் தள்ளுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், ஒரு கூட்டம் உடைந்து முடியும்வரை படகைப் பிடித்துக்கொண்டு நின்று, ஓய்ந்த அந்த நொடியில் இன்ஜினைத் தட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் நான் எப்போது போர்டில் படுத்துக் கையால் துடுப்பு போட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். ஃபோர்காஸ்ட் சொல்வது கரைக்கு வெளியே பல கிலோமீட்டர் அகலமான ஒரு கட்டத்தின் நிலையை. கோவளத்துப் பாறை அதற்குத் தெரியாது, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டிய கல்லும் தெரியாது, அந்தக் கல்லை ஒட்டித்தான் அங்கே வலது அலை, அதாவது சறுக்குகிறவருக்கு வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகும் அலை, உடைகிறது. மணலும் தெரியாது. வருஷத்தில் பாதிக்கு மேல் நம் கரையில் மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது, நவம்பருக்கு முன்னால் இருந்த மணல்திட்டு பிப்ரவரியில் அதே இடத்தில் இருக்காது. ஒரே எண்ணுக்கு ஆகஸ்ட்டில் ஒரு அலை, மார்ச்சில் ஒரு அலை. இதை எந்த ஆப்பும் உங்களுக்காகச் செய்து தராது, நீங்களே செய்ய வேண்டும், அதற்கு அலை இல்லாத நாட்கள்தான் சரியான நேரம். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். உயரம், விநாடி, திசை, காற்று, ஏற்றமா வற்றமா, இவ்வளவுதான். பக்கத்தில் நீங்கள் கண்ணால் பார்த்தது. புதுச்சேரிக்கு வெளியே இன்காய்ஸ் ஒரு மிதவை வைத்து அலையை அளக்கிறது, அந்த அளவு கிடைக்கும் நாட்களில் அதையும் எழுதுங்கள், மாடல் சொன்னதும் உண்மையில் வந்ததும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரியும். நல்ல நாளை மட்டும் எழுதாதீர்கள், மோசமான நாளைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். என் நோட்டில் அலை 0.3 இருந்த நாட்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எந்தத் திசையில் வந்தால் 0.5 கூடப் போதும் என்பதை அந்தப் பக்கங்களிலிருந்துதான் எடுத்தேன்.

சனிக்கிழமை வாருங்கள். 0.5 மீட்டர், 7 விநாடி, பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், பத்து, பதினொன்றுக்கெல்லாம் கடல்காற்று ஏறிவிடும். இருப்பதிலேயே நீளமான போர்டை எடுத்து வாருங்கள். பாறைக்கு வெளியே துடுப்பு போட்டு ஒரு சுற்று வருவோம், தண்ணீர் தெளிவாக இருந்தால் மணல் இப்போது எங்கே குவிந்திருக்கிறது என்று மேலிருந்தே தெரியும்.

இன்னொன்று. நேற்று இரவு பார்த்தபோது செவ்வாய்க்கிழமைக்கு இரண்டாவது ஸ்வெல் கட்டத்தில் 0.2, 17 விநாடி, 158 டிகிரி என்று இருந்தது. இன்று காலை ஓட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. தென்கடல் மேப்பில் அதன் புயலும் தெரிகிறது, கோட்டுக்குக் கிழக்கே. புதன், வியாழன் காலைகளில் மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.